கண்ணாடிக்காரரின் சாட்சி

என் தங்கை புருஷனுக்குக் கண்ணாடிக் கடையில் வைத்த பட்டப்பெயர் ‘சொல்லிட்டேன்’. லாரி வரவில்லை, கட்டர் மழுங்கிவிட்டது, மழை வரும்போல் இருக்கிறது, பல் வலிக்கிறது, எதுவானாலும் மனிதரிடம் ஒரே பதில்தான். “அப்பாகிட்ட சொல்லிட்டேன்.” அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்டவரைத்தான் இவர் அப்படிக் கூப்பிடுவார். கூப்பிடுவதோடு நிறுத்தினால் பரவாயில்லையே, நாள் முழுக்கப் பேச்சு வேறு. கண்ணாடியை மேசைமேல் கிடத்தி, அளவுகோலை வைத்துக் கட்டரை இழுக்கும்போதும் உதடு அசையும். “அப்பா, இது பெரிய பீஸு, கோணலாப் போயிடாமப் பாத்துக்கங்க.” கோணலாய்ப் போகிற நாளும் உண்டு. அன்றைக்கு, “சரி விடுங்கப்பா, இன்னொண்ணு வெட்டிக்கலாம்” என்று இவரே ஆண்டவருக்கு ஆறுதல் சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். நானும் ஞானஸ்நானம் வாங்கியவள்தான், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான். ஆனால் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒரு மரியாதையான தூரம் உண்டு. பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த ஆள் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற ரகம்.

என் புருஷன் செத்த பிறகு நான் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறேன். தையல் மெஷினும் அங்கேதான். புதுத் துணி தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்துக் கெடுத்ததைப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, எதைப் பார்த்தாலும் எங்கே தப்பு என்றுதான் முதலில் என் கண் போகும்.

தங்கையும் அதே கண்ணாடிக் கடையில்தான் வேலை பார்த்தாள். பெரிய கண்ணாடியைத் தனி ஆள் தூக்க முடியாது. செங்குத்தாக நிறுத்தி, கை அறுபடாமல் ஓரத்தில் ரப்பர் துண்டு வைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துத் தெருவைக் கடந்து, மாடி ஏறி, சட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் இருப்பவர் சொல்லச் சொல்ல நடக்க வேண்டும். எப்போதும் இவர் முன்னால், அவள் பின்னால். “படி. இன்னொரு படி. நில்லுங்க, நாய் படுத்திருக்கு” என்று அவள் குரல் கொடுத்துக்கொண்டே வருவாள். குழந்தை குட்டி இல்லை அவர்களுக்கு. கடையிலும் சேர்ந்தே, வீட்டிலும் சேர்ந்தே. பகலெல்லாம் ஒன்றாக இருந்துவிட்டுச் சாப்பிடும்போதும் பேச இவர்களுக்கு என்னதான் இருக்கிறது என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அந்த நாட்களில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வாந்தியை அள்ளியது அவர், குளிப்பாட்டியது அவர், மொட்டைத் தலையைத் தடவித் தூங்கவைத்தது அவர். நடுநடுவே, “அப்பா, இவ ரொம்பக் கஷ்டப்படுறா, பாத்துட்டு சும்மா இருக்காதீங்க” என்று மேலே பார்த்துக் கோபமும் படுவார்.

மருந்தெல்லாம் முடிந்து முதல் தடவை காட்டப் போனபோது டாக்டரம்மா, “இப்போதைக்கு எதுவும் தெரியல. ஆனா சொல்ற தேதிக்குத் தவறாம வந்து காட்டணும்” என்றார். அந்த ‘இப்போதைக்கு’ ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ‘எதுவும் இல்லை’ மட்டும்தான்.

எங்கள் சபை ஒரு மின்சாமான் கடைக்கு மேல்மாடியில், வாடகை ஹாலில் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, கீச்சிடும் மைக், ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்த காரியம் கைக்கு வரும் முன்பே, வந்துவிட்டதாக எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். வேலை கிடைக்காதவன் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பான். பிள்ளை இல்லாதவள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பாள். எல்லாரும் ஸ்தோத்திரம் என்று கை தட்டுவார்கள். அதற்குப் பெயர் விசுவாசம். பாஸ்டர் கெட்டவர் இல்லை. அவிசுவாச வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாதே என்று, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலும் சளி என்று சொல்லாத மனிதர், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். வாயெல்லாம் பல். “என் மனைவிக்கு முழு சுகம். அப்பா கொடுத்துட்டாரு. இனிமே அந்த வியாதி எங்க வீட்டு வாசப்படியை மிதிக்காது” என்றார். ஹாலே அதிர்ந்தது. தங்கை தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று, வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் கை தட்டினேன். ஏன், எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?

அதோடு விட்டார்களா? வேறு சபைகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். இவர் சாட்சி சொல்வார், அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், கண்காட்சிச் சாமான் மாதிரி. கூட்டம் முடிந்ததும் நோயாளிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு தாய், நடக்க முடியாத தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணின் கையை எடுத்து என் தங்கை கைக்குள் வைத்து, “உங்களுக்குச் செஞ்சவரு இவளுக்குச் செய்ய மாட்டாரா?” என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் தங்கை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. “என்னடி இது, உன்னைச் சாமியாராவே ஆக்கிடுவாங்க போல” என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

மறுபடி காட்ட வேண்டிய தேதி வந்தது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியே நின்றார். அவள்தான், “எதுக்குங்க? நீங்கதான் சொல்லிட்டீங்களே, அப்புறம் போய்க் காட்டினா நம்பாத மாதிரி ஆகாதா?” என்றாள். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களாக்கா! என்னைவிட இவளுக்குத்தான் விசுவாசம் அதிகம்!”

“விசுவாசம் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்தா ஆண்டவர் என்ன உங்க ரெண்டு பேரையும் பிடிச்சுத் தின்னுடுவாரா?” என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைப் பாவம்போல் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தங்கை மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கொஞ்ச நாளில், கண்ணாடியின் அடியை இடது கையில் ஏந்துகிறவள் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, “இதுதான் வாகா இருக்கு” என்றாளாம். அவரும் நம்பிவிட்டார். அவர்தான் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் ஆயிற்றே.

ஒரு நாள் மத்தியானம் தன் மேல்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தாள். “அக்கா, இந்த இடது கையை மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடேன்.”

“எடை கூடிட்டியா? அப்ப ரெண்டு கையையும் பிரிக்கணும்டி.”

“இல்ல, இது மட்டும் போதும்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். உடம்பு ஊதினால் இரண்டு பக்கமும்தான் ஊதும். ஒற்றைக் கை மட்டும் பெரிதாகுமா? கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் திரும்புவதற்குள் எட்டிப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். இடது கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. அக்குளில் விரல் வைத்தேன். கூழாங்கல்லைப் போல் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“எத்தனை நாளாடி?”

சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வலிக்குதா?”

அவ்வளவுதான், அணை உடைந்தமாதிரி அழுதாள். அதுவும் சத்தம் வராமல். சட்டையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். “தூங்கவே முடியலக்கா. அவரு தூங்கினப்புறம் தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்.”

“அவர்கிட்ட சொல்றதுக்கு என்னடி கேடு?”

“எப்படிக்கா சொல்வேன்? அத்தனை பேர் முன்னால எழுந்து நின்னு சொல்லிட்டாரே. இப்போ நான் போய் வலிக்குதுன்னா அவரு பொய்யராகிடுவாரு. ஆண்டவரும் பொய்யராகிடுவாரு. அந்தப் பொண்ணோட அம்மா என்ன நினைப்பாங்க? நான் வாயைத் திறக்காம நம்பிக்கிட்டு இருந்தா ஒருவேளை அதுவாப் போயிடும்னு நினைச்சேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அறையவில்லை. மெஷினைக்கூட மூடாமல் தெருவில் இறங்கி நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் ஏதோ பாடிக்கொண்டு கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டரைக் கீழ வைங்க.”

“என்னக்கா, சாப்பிட்டீங்களா?”

“உங்க பொண்டாட்டிக்குக் கட்டி திரும்ப வந்திருக்கு. கை வீங்கிக் கிடக்கு. ராத்திரியெல்லாம் உங்க பக்கத்துலயே தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. ஏன் தெரியுமா? நீங்க சபையில நின்னு சாட்சி சொன்னீங்கல்ல, அது பொய்யாகிடக் கூடாதாம்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் என்னென்னவோ கேட்டேன். மேசைமேல் இருந்த கண்ணாடியில் கோடு போட்டாயிற்று, தட்டி உடைத்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். வழியில் இரண்டு தடவை நின்றார். ஒரு தடவை, “என் பக்கத்துலயா?” என்று கேட்டார். உதடு அசையவில்லை. இவ்வளவு பெரிய சேதியைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் ஜெபம் பண்ணாமல் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்றார். “சொன்ன தேதிக்கு ஏன் வரல?” என்று கேட்டார். தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் இவர், “என்னாலதாங்க” என்றார். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாய் இருந்திருக்கும். “இனிமே வலி தெரியாமப் பாத்துக்கறதுதான்” என்று மட்டும் சொல்லி மருந்து எழுதினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் சாட்சி நேரத்தில் எழுந்து முன்னால் போனார். பாஸ்டருக்கு விஷயம் எட்டியிருந்தது. மைக்கைக் கொடுக்காமல் காதோரம் குனிந்து, “பிரதர், இன்னும் நம்புவோம். எதிர்மறையா எதுவும் அறிக்கை பண்ணிடாதீங்க” என்றார். முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. இவர் மைக்குக்குக் காத்திருக்கவில்லை.

“போன வருஷம் இங்க நின்னு, என் மனைவிக்கு முழு சுகம்னு சொன்னேன். அது அப்பா எனக்குச் சொன்னதில்ல. நானாச் சொன்னது. எனக்கு ஆசை. அந்த ஆசையை அப்பா பேர்ல சொல்லிட்டேன். அவரு சொல்லாததை அவரு வாயில வச்சுட்டேன்.” பின்வரிசை வரை கேட்கக் குரலை உயர்த்தினார். “என் வார்த்தையைக் காப்பாத்தறதுக்காக அவ வலியை மறைச்சிருக்கா. எனக்காகவும் மறைச்சா, உங்களுக்காகவும் மறைச்சா. இனி பிழைக்க மாட்டான்னு சொல்லிட்டாங்க. இங்க யாருக்காவது வலி இருந்தா, தயவுசெஞ்சு மறைக்காதீங்க. வலிக்குதுன்னு சொன்னா அப்பா கோவிச்சுக்க மாட்டாரு. அப்படிப்பட்டவரு இல்ல அவரு.”

பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து யாரோ கை தட்டி “ஸ்தோத்திரம்” என்றார்கள். பிறகுதான் என்ன சொன்னார் என்பது உறைத்து, தட்டிய கை நின்றது. அந்தத் தாய், அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் எங்கள் சபைக்கே வரத் தொடங்கியவள், மடியில் இருந்த மகளை அணைத்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப என் பொண்ணு?” என்றாள். இவர் வாயைத் திறந்து மூடினார். அவள் மறுபடி, “சொல்லுங்க, அப்ப என் பொண்ணுக்கு?” என்றாள். அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனாள். அந்த ஹாலில் யாராலும் அடுத்த பாட்டைத் தொடங்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே நீ யாருக்காகவும் நடிக்க வேணாம். வலிச்சாக் கத்தும்மா. எவ்வளவு வேணும்னாலும் கத்து” என்றார். அவள் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். முதலில் ஒரு முனகல் வந்தது. பிறகு அத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து ஒரே அலறலாக வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். அவர் அசையாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் மோசம்தான். மருந்து கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு விட்டுவிடும். எலும்பை அரைக்கிற வலி என்றாள். கடைக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். ஆனால் ஜெபத்தை விடவில்லை. காலையில் கட்டில் ஓரம் மண்டிபோட்டு, “அப்பா, இவளைச் சுகமாக்குங்க” என்று பழையபடி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இன்னுமா கேக்கறீங்க? வெட்கமா இல்ல?”

“இல்லக்கா. தருவாருன்னு இனிமே யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேக்காம எப்படி இருக்கறது? சோறு இருக்கா இல்லையான்னு பாத்துட்டா புள்ள பசிக்கு அழும்?”

“அவரு என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு.” கண் கலங்கியது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. பேசலன்னாலும் வீட்டுலதான் இருக்காரு. அது மட்டும் தெரியும்.”

தங்கை ஒருநாள் வலி தாங்காமல், “உங்களுக்குக் கண்ணே இல்லையா? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?” என்று மேலே பார்த்துக் கூவினாள். பார்க்க வந்திருந்த சபைக்காரப் பெண் பதறிப்போய், “அப்படிப் பேசக் கூடாது சிஸ்டர், தூஷணம்” என்று அவள் வாயில் கை வைத்தாள். இவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “பேசட்டும் விடுங்கம்மா. அவளுக்கும் அவருக்கும் நடுவுல நாம ஏன்?” என்றார். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அவள் போனது ஒரு முற்பகலில். மருந்து தீர்ந்துவிட்டதென்று அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார். நான் மட்டும்தான் பக்கத்தில். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என் கையில் அவள் நகம் பதிந்து ரத்தம் வந்தது. “ஆண்டவரே, வாங்க” என்றாள். பிறகு சத்தமாக, “வாங்க, என்னால முடியல, எங்க இருக்கீங்க, வாங்க, வாங்க” என்று கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலை யாரோ அறைந்து சாத்தினார்கள். அவள் விடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ‘வாங்க’ பாதியில் நின்றது. முகத்தில் சமாதானமும் இல்லை, புன்னகையும் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

மருந்துப் பையோடு அவர் வந்தபோது நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கட்டிலுக்குப் போனார். அவள் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். பிறகு, “எப்படிக்கா போனா?” என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் சொன்னேன். மறைத்துக் கெட்டது போதாதா இந்த வீட்டில்?

சாயங்காலம் பாஸ்டரும் சபைக்காரர்களும் வந்தார்கள். எங்கள் ஆட்கள் துக்க வீட்டில் முதலில் கேட்பது ஒன்றுதான்: சமாதானமாகப் போனார்களா? சிரித்த முகமாய்ப் போனாள், பரலோகம் திறந்ததைப் பார்த்தேன் என்றாள் என்று ஏதாவது கிடைத்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கை தட்டலாம். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? சமாதானமாப் போனாங்களா?” என்று கேட்டார். பாவம், அவர் கண்ணிலும் தண்ணீர். ஆமாம் என்று சொல்லிவிட்டால்தான் என்ன, செத்தவளுக்கு ஒரு நல்ல பெயராவது மிஞ்சட்டுமே என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

அவர் தலையைத் தூக்கினார்.

“இல்லம்மா. கத்திக்கிட்டேதான் போனா. தெருவே கேக்கற மாதிரிக் கத்தினா. வாங்க, வாங்கன்னு அவரைத்தான் கூப்பிட்டா. என்னைக் கூப்பிடல, அக்காவைக் கூப்பிடல. நான் வந்து சேர்றதுக்கு லேட்டாகிடுச்சு. அவரு லேட்டா வந்திருக்க மாட்டாரு.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆண்டவர் வந்திருப்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரைக்கும் அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. அதற்காக இந்த மனிதரோடு சண்டை போட என்னிடம் இன்னும் பாக்கி இருந்தது. ஆனால் எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் என் தங்கச்சி, என் தங்கச்சி என்று கத்தினேன். அவர் என்னை அடக்கவில்லை.